ஸ்பாஞ்ச்பாப் மக்கு இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நண்பர்கள் தினத்துக்காகப் போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சிறுவர் இணைப்பில் ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். கார்ட்டூனில் வரும் உயிர் நண்பர்கள் என்று ஐந்தாறு ஜோடிகள். முதல் படமே 'ஸ்பாஞ்ச்பாப்' தொடரில் வருகிற ஸ்பாஞ்ச்பாப் என்ற கடற்பஞ்சும் பேட்ரிக் என்ற நட்சத்திர மீனும்தான். மஞ்சள் சதுரமும் இளஞ்சிவப்பு நட்சத்திரமும் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிற படம். நண்பனை எந்த நிலையிலும் விட்டுக்கொடுக்காதவன் பேட்ரிக் என்று அடியில் ஒரு வரி. என் மகள் அந்த வரியைச் சத்தமாகப் படித்தாள். படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் மிஷினை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே எபிசோடுதான் ஞாபகத்துக்கு வந்திருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் ராமநாதபுரத்தில் வீட்டின் முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். மகள் ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்து வீட்டுப்பாடம் முடித்த பிறகு அரை மணி நேரம் போன் கொடுப்பேன். அவள் துணி வெட்டுகிற மேசைக்கு அடியில் கால் நீட்டி உட்கார்ந்து பார்ப்பாள், நான் தைத்துக்கொண்டே காது கொடுப்பேன். ஸ்பாஞ்ச்பாப் கதை ஒன்று 11 நிமிஷம்தான். ஒரு ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்து முடிக்கிற நேரம். இங்கிலீஷில்தான் ஓடும். எனக்குப் பாதி புரியும், மீதியை அவள் சொல்வாள். இப்படியே மூன்று வருஷமாக எவ்வளவோ கதைகள் பார்த்துவிட்டோம். ஆகவே கார்ட்டூனே பிடிக்காத ஒரு அம்மா கோபத்தில் எழுதுகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அந்த மஞ்சள் பையனை ரொம்பப் பிடிக்கும்.

பிடித்ததற்கு ஒரு காரணம் கடல். நான் மண்டபம் பக்கத்தில் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள். அப்பா வலை உதறும்போது மீனோடு சேர்ந்து கடற்பஞ்சும் நட்சத்திர மீனும் மணலில் விழும். பிள்ளைகள் நாங்கள் நட்சத்திர மீனை உள்ளங்கையில் வைத்துக்கொள்வோம். அடிப்பக்கம் நூல் நூலாகக் குட்டிக் கால்கள் மெதுவாக அசையும், உள்ளங்கை கூசும். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து அந்த இரண்டையும் ஒரு கதையில் ஒரே தெருக்காரர்களாகப் பார்த்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இதை உருவாக்கிய ஸ்டீபன் ஹில்லன்பர்க் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் கடலோர ஊரான டேனா பாயிண்டில் பிள்ளைகளுக்குக் கடல் உயிரியல் சொல்லிக்கொடுத்தவர். அலை வந்துபோகிற பாறைக் குழிகளில் என்னென்ன வாழ்கிறது என்று காட்டுவதற்காக அவரே படக்கதைப் புத்தகம் வரைந்தார். அப்புறம் அனிமேஷன் படித்தார். 1999-ல் இந்தத் தொடர் வந்தது. 2018-ல் நரம்பு நோயில் அவர் காலமானபோது வயது 57. கடலை நேசித்த ஒரு ஆள் செய்தது என்பது ஒவ்வொரு கதையிலும் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் சொல்கிற எபிசோடின் பெயர் 'ஐயாம் வித் ஸ்டுப்பிட்'. இரண்டாவது சீசன், 2001. அமெரிக்காவில் பனியனில் இப்படி அச்சடித்து, பக்கத்தில் நிற்கிறவரைக் கைகாட்டுகிற மாதிரி போட்டுக்கொள்வார்களாம். என்னோடு நிற்பது மக்கு என்று அர்த்தம். கதையும் அதுதான்.

பேட்ரிக்கின் அப்பா அம்மா வருவதாகக் கடிதம் வருகிறது. முதலில் குதிக்கிறான். அப்புறம் அழுகிறான். அப்பா அம்மா என்னை மக்கு என்று நினைக்கிறார்கள் என்கிறான். இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடித்தது, பிடித்ததை மறைக்க மாட்டேன். ஊரே பேட்ரிக்கை முட்டாள் என்று சிரிக்கிற தொடரில், அது அவனுக்குள்ளே வலிக்கிறது என்று காட்டினார்களே, அதைச் சாதாரணமாக எல்லாரும் எழுதிவிட மாட்டார்கள். அவன் குரலுக்குச் சொந்தக்காரர் பில் ஃபகர்பாக்கி. அந்தக் கனமான, தூக்கம் கலையாத குரல் அழும்போது எனக்கே தொண்டை அடைக்கும்.

ஸ்பாஞ்ச்பாப் உடனே ஒரு யோசனை சொல்கிறான். நான் உன் பக்கத்தில் மக்கு மாதிரி நடிக்கிறேன், என்னைப் பார்த்தால் நீ புத்திசாலியாகத் தெரிவாய் என்கிறான். யாரும் கேட்காமல் அவனாகவே கொடுத்தது. தன் மானத்தை எடுத்து நண்பனுக்கு இரவல் கொடுக்கிறான். அப்பா அம்மா வந்து சேருகிறார்கள், பெயர் மார்ட்டி, ஜேனட். ஸ்பாஞ்ச்பாப் உளறுகிறான், விழுகிறான், எதைக் கேட்டாலும் விழிக்கிறான். பேட்ரிக் பெரிய மேதை மாதிரி அவனுக்கு விளக்கம் சொல்கிறான். பெற்றவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. இதுவரைக்கும் என் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள், நானும்தான்.

இதற்கப்புறம்தான் எனக்குச் சிரிப்பு நின்றுபோகும். பேட்ரிக்குக்கு அந்த மரியாதை ருசித்துவிடுகிறது. போதும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. வந்தவர்களோடு சேர்ந்து அவனும் ஸ்பாஞ்ச்பாப்பைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பிக்கிறான். ஸ்பாஞ்ச்பாப் அவனைத் தனியே கூப்பிட்டு, கொஞ்சம் அதிகமாகப் போகிறதே, நான் நடிக்கத்தானே செய்கிறேன் என்று சொன்னால், பேட்ரிக்குக்கு எந்த நடிப்பும் ஞாபகம் இல்லை. ஸ்பாஞ்ச்பாப் உண்மையிலேயே மக்கு என்று அவன் நம்பிவிட்டான். பாவம், தன் நிலைமை கூட இவனுக்குப் புரியவில்லையே என்று இரக்கம் வேறு படுகிறான்.

ஆசிரியர் அவர்களே, இந்த இடத்தைத் தயவுசெய்து ஒரு தடவை நீங்களே போட்டுப் பாருங்கள். வெளிப்படையாகத் திட்டுகிறவனை விடவும் இது மோசம். அடித்தவன் என்றால் அடித்தேன் என்றாவது அவனுக்குத் தெரிந்திருக்கும். வாங்கிய கடனையே மறந்துவிட்டு, கடன் கொடுத்தவனைப் பார்த்து அவன் ஏன் இப்படி வறுமையில் கிடக்கிறான் என்று உச்சுக்கொட்டுகிறவனை என்ன செய்வது? ஸ்பாஞ்ச்பாப் தான் மக்கு இல்லை என்று காட்டப் பாடுபடுகிறான். பாடுபடப் பாடுபட இன்னும் கேவலமாகிறது. மக்கு என்று ஒருத்தரை முடிவுகட்டிவிட்டால் அப்புறம் அவர் சொல்கிற சரியான பதிலும் சிரிப்பாகத்தான் தெரியும். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். இந்த அவஸ்தை எனக்குத் தெரியும்.

கடைசியில் ஸ்பாஞ்ச்பாப் பொறுமை போய்க் கத்துகிறான். இப்போதாவது பேட்ரிக்குக்கு உறைக்கும் என்று என் மகள் முதல் தடவை பார்த்தபோது போனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? பேட்ரிக்கின் உண்மையான அப்பா அம்மா வந்து நிற்கிறார்கள், ஹெர்ப், மார்கி என்று. அப்படியானால் இவ்வளவு நேரம் இருந்தவர்கள் யார்? மார்ட்டிக்கும் ஜேனட்டுக்கும் அப்போதுதான் ஞாபகம் வருகிறது, நமக்குத்தான் பிள்ளையே இல்லையே என்று. அதோடு கதை முடிந்தது.

தமாஷ் நல்ல தமாஷ்தான். பெற்ற அப்பா அம்மாவையே அடையாளம் தெரியாதவனுக்காக இவ்வளவு நாடகமா என்று முதல் தடவை நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்புக்குக் கீழே ஒருவன் அவமானத்தோடு நிற்கிறான், அவனைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. பேட்ரிக் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மன்னிப்பு கூட வேண்டாம், ஞாபகம் வந்துவிட்டது என்று தலையைச் சொறிந்திருந்தால் போதும். 2021-ல் பேட்ரிக்குக்கென்றே தனித் தொடர் வந்தபோது அவன் அப்பா அம்மா சீசில், பன்னி என்று வேறு ஆட்களாக மாறிவிட்டார்கள். பெற்றோரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றி எழுத முடிகிறது. இந்த எபிசோடில் அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் இடமில்லாமல் போய்விட்டது.

பேட்ரிக் முட்டாள், அவனிடம் என்ன எதிர்பார்க்க முடியும் என்று சிலர் சொல்லலாம். என் வீட்டுக்காரரும் அதைத்தான் சொன்னார். முட்டாள்தனம் வேறு, சுயநலம் வேறு என்பதை இதே தொடர்தான் எனக்குக் காட்டியது. ஊக்கு எந்தப் பக்கம், காஜா எந்தப் பக்கம் என்று தெரியாமல் மாற்றித் தைக்கிற புதுப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் வராது. தெரியாமல் செய்தது. அப்படி பேட்ரிக் தெரியாமல் செய்கிற கதைகள் எத்தனையோ உண்டு. எதுவுமே செய்யாமல் எல்லாரையும் விட அதிக நாள் சும்மா இருந்ததற்காக அவனுக்குப் பரிசு கொடுக்கிற கதையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். உண்மையான கடலிலும் நட்சத்திர மீனுக்கு மூளை என்று தனியாக ஒன்று கிடையாது, நரம்பு வளையம்தான் உண்டு. கடற்பஞ்சுக்கு அந்த நரம்புகூட இல்லை. ஹில்லன்பர்க்குக்கு இது தெரியாமல் இருக்காது. ஆக அறிவு குறைவு என்பது இங்கே ஒரு குற்றமே இல்லை.

சுயநலத்தைக் காட்டக்கூடாது என்றும் நான் சொல்லவில்லை. அடுத்த சீசனில் ஒரு கதை வருகிறது. இரண்டு பேருமாக ஒரு சிப்பிக் குஞ்சை எடுத்து வளர்க்கிறார்கள். ஸ்பாஞ்ச்பாப் அம்மா, பேட்ரிக் அப்பா. அப்பா காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பிவிடுவான். அம்மா துவைத்து, சமைத்து, பிள்ளைக்குத் துணி மாற்றி ஓய்ந்துபோவாள். சாயந்திரம் வந்து ரொம்பக் களைப்பு என்பான். அழுக்குத் துணி வீட்டில் மலையாகக் குவியும். கடைசியில் போய்ப் பார்த்தால் அவன் வேலை என்று சொன்னது தன் வீடான பாறைக்கு அடியில் உட்கார்ந்து டிவி பார்ப்பதைத்தான். அந்தக் கதையை என் கடையில் அளவு கொடுக்க வந்த ஒரு அக்கா நின்றபடியே பார்த்தார். கடைசி வரை நகரவில்லை. அதிலும் பேட்ரிக் சுயநலக்காரன்தான், இதை விடப் பெரிய சுயநலக்காரன். ஆனால் எழுதினவர்கள் ஸ்பாஞ்ச்பாப்பின் பக்கம் நின்று எழுதினார்கள். அந்தப் பாறையைத் தூக்கி உள்ளே இருக்கிற டிவியை நமக்குக் காட்டினார்கள். இந்த எபிசோடில் பாறையைத் தூக்க யாரும் இல்லை.

இதே இரண்டாவது சீசனில், சமையல் போட்டியில் இரண்டு நண்பர்களும் எதிரெதிராக நிற்கிற ஒரு கதையும் உண்டு. ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி பேசுகிறார்கள். கட்டிப்புரண்டு சண்டை போடும்போது காற்சட்டை கிழிகிறது. உள்ளே பார்த்தால் ஸ்பாஞ்ச்பாப் இளஞ்சிவப்பு போட்டிருக்கிறான், பேட்ரிக் மஞ்சள் போட்டிருக்கிறான். ஒருவன் நிறத்தை இன்னொருவன். அவ்வளவுதான், போட்டியை விட்டுவிட்டு அழுதுகொண்டே கைகோர்த்துப் போய்விடுகிறார்கள். மன்னிப்பு என்ற சொல்லே இல்லாமல் மன்னிப்பைக் காட்டிவிட்டார்கள். துணியை வைத்தே பிழைக்கிறவள் என்பதாலோ என்னவோ, அந்தக் காட்சி எனக்கு அப்படியே நிற்கிறது. பின்னால் வந்த சீசன்களில்தான் பேட்ரிக் கெட்டுப்போனான், ஹில்லன்பர்க் 2004-ல் ஸ்பாஞ்ச்பாப் சினிமா எடுத்த பிறகு தொடரின் அன்றாட வேலையிலிருந்து ஒதுங்கியதுதான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். நான் சொல்கிற எபிசோடு அவர் இருந்தபோதே, தொடர் நன்றாக இருந்த காலத்திலேயே வந்தது. இவ்வளவு நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் இதில் கைவிட்டார்களே என்பதுதான் எனக்கு வருத்தம்.

இதற்குப் போய் இவ்வளவு பெரிய கடிதமா என்று நீங்கள் நினைக்கலாம். என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் தெருவிலேயே என் மகளுக்கு ஒரு சிநேகிதி. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. சின்னக் குழந்தையிலிருந்து இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அந்தப் பெண்ணுக்கு வாய்ப்பாடு கொஞ்சம் தடுமாறும். போன மே மாத லீவில் வெளியூரிலிருந்து அவள் அத்தை வந்திருந்தார். ஜாக்கெட் கொடுப்பதற்காக நான் அந்த வீட்டுக்குப் போனபோது கூடத்தில் இரண்டு பிள்ளைகளையும் நிற்கவைத்து அத்தை கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். ஏழெட்டு எவ்வளவு என்றார் என் மகளிடம். அவள் கூரையைப் பார்த்தாள். பாவாடை நுனியை விரலில் சுற்றினாள். நாற்பத்தாறா என்றாள். சிநேகிதி உடனே ஐம்பத்தாறு என்றாள். அத்தை அவளைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தார். என் மகளைப் பார்த்து, நீயும் இவளிடம் உட்கார்ந்து படி என்றார். கூடத்தில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஏனென்றால் என் கடையின் ஊக்குக் கணக்கு முழுக்க அவளுடையது. ஒரு ஜாக்கெட்டுக்கு ஆறு ஊக்கு, ஏழு ஜாக்கெட் வந்திருக்கிறது, ஏழாறு நாற்பத்திரண்டு என்று சொல்லிக்கொண்டே டப்பாவிலிருந்து எண்ணி, பழைய காலண்டர் தாளில் மடித்து, மேலே எண்ணை எழுதி வைப்பாள். சில பெரிய அளவு ஜாக்கெட்டுக்கு எட்டு ஊக்கு வரும். ஏழெட்டு ஐம்பத்தாறு அவளுக்குத் தூக்கத்திலும் வரும்.

அன்றைக்கு வழியில் நான் எதுவும் கேட்கவில்லை. ராத்திரி தலை பின்னும்போது அவளே சொன்னாள். அத்தை எப்போதும் கணக்கு கேட்டுத் திட்டுவாராம், நீ தெரியாத மாதிரி இரு, எனக்கு மட்டும் முன்னாடியே சொல்லிக்கொடு என்று சிநேகிதி கேட்டாளாம். அவள் அழுதாம்மா, அதான் என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு நாள்தானே, நண்பிக்காகத்தானே என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. இரண்டாவது வாரமே மகள் ஊக்கு எண்ண வரவில்லை. நீயே எண்ணிக்கோம்மா, எனக்குத் தப்பாப் போயிடும் என்றாள். துருவித் துருவிக் கேட்டேன். வகுப்பில் கணக்கு கேட்டபோது இவள் கை தூக்கினால், அந்தச் சிநேகிதி, அவளுக்கு வாய்ப்பாடு வராது, எங்க அத்தைகிட்டயே தப்பாச் சொன்னா என்று எல்லாருக்கும் சொல்கிறாளாம். மக்கு என்று கூப்பிடுகிறாளாம். மற்றப் பிள்ளைகளும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள்.

நீதானே அவளுக்காகத் தப்பாகச் சொன்னாய், அவளிடம் கேட்கவில்லையா என்றேன். அதற்கு என் மகள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "அவளுக்கு நிஜமாவே மறந்துபோச்சும்மா. பேட்ரிக்குக்கும் மறந்துபோகும்ல, அந்த மாதிரி."

கோபமே இல்லாமல் சொன்னாள். நட்பு என்றால் இதுவும் வரும், மழை வந்தால் துணி நனைகிற மாதிரி என்கிற முகம். அன்றைக்கு ராத்திரி அந்த எபிசோடை அவளோடு உட்கார்ந்து முழுசாகப் பார்த்தேன். மிஷினைத் தொடவில்லை. அடுத்த நாள் தனியாக இரண்டு தடவை பார்த்தேன். அவள் சொன்னது சரி. மறந்துபோகிறது, யாரும் ஞாபகப்படுத்துவதில்லை, கதை முடிந்துவிடுகிறது.

கார்ட்டூன் பார்த்துத்தான் என் பிள்ளை கெட்டுவிட்டாள் என்று நான் சொல்லவில்லை. அவள் செய்தது அன்பினால் செய்தது, அதற்குக் கார்ட்டூன் வேண்டியதில்லை. அந்தச் சிநேகிதியையும் நான் கெட்ட பிள்ளை என்று சொல்ல மாட்டேன். பத்து வயசுப் பிள்ளை, ஒரு நாள் கிடைத்த பாராட்டை விட மனசில்லாமல் கையில் பிடித்துக்கொண்டது. பேட்ரிக்கும் அதைத்தான் செய்தான். என் குறை ஒன்றுதான். விட்டுக்கொடுக்கிற பிள்ளை தன் கதையை அந்தப் பதினோரு நிமிஷத்தில் கண்டுகொண்டது. அடுத்து என்ன செய்யலாம் என்று தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. கோபப்படுகிற ஸ்பாஞ்ச்பாப் இருக்கிறான், அந்தக் கோபத்தைக் காது கொடுத்துக் கேட்ட ஒரு ஆள் இல்லை.

விட்டுக்கொடுக்கிற பிள்ளைகளுக்கு நம் வீடுகளில் பஞ்சமே இல்லை. விட்டுக்கொடுத்துப் போ, விட்டுக்கொடுத்துப் போ என்று சொல்லித்தானே வளர்க்கிறோம், முக்கியமாகப் பெண் பிள்ளைகளை. வாங்கிக்கொள்கிற பிள்ளையிடம், வாங்கினாயே, திருப்பிக் கொடுத்தாயா என்று யாராவது கேட்கிறோமா? சிரிப்புக் கதைதானே என்று சொல்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: என் பிள்ளை சிரிப்புக் கதைகளைத்தான் முப்பது தடவை திரும்பத் திரும்பப் பார்க்கிறது. பாடப் புத்தகத்தில் நட்பைப் பற்றி இருக்கிற பாடத்தைப் பரீட்சைக்கு ஒரு தடவை படித்தாள்.

அப்புறம் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். நான் அந்தச் சிநேகிதியின் அம்மாவிடம் போய்ச் சண்டை போடவில்லை. ஒரு சனிக்கிழமை இரண்டு பிள்ளைகளையும் கடையில் உட்காரவைத்து ஊக்கு டப்பாவைக் கொடுத்தேன். ஒன்பது ஜாக்கெட், ஆளுக்குப் பாதி வேலை, எண்ணிக் கட்டுங்கள் என்றேன். ஒன்பதாறு என்று என் மகள் தயங்கினாள், அந்தப் பெண் முகத்தைப் பார்த்தாள். நான் கத்திரியால் மேசையில் தட்டி, யாருக்குத் தெரியுமோ அவர்கள் சொல்லலாம் என்றேன். ஐம்பத்துநாலு என்றாள் என் மகள், ரொம்ப மெதுவாக. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு ஊக்கை எண்ணியது. கொஞ்ச நேரம் கழித்து, அன்னைக்கு நீதான சொல்லிக்குடுத்த என்றது. அவ்வளவுதான் பேச்சு. நான் முதுகைத் திருப்பிக்கொண்டு ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஒரு வரிதான் பேட்ரிக்கிடம் நான் எதிர்பார்த்தது. இதைச் சொல்ல அரை நிமிஷம்கூட ஆகாது. பதினோரு நிமிஷத்தில் அந்த அரை நிமிஷத்தை அவர்கள் ஒதுக்கியிருக்கலாம்.

மக்கு என்கிற பேர் வகுப்பில் இன்னும் முழுசாகப் போகவில்லை. அதற்கு நாளாகும் என்று நினைக்கிறேன். ஊக்கு எண்ண மட்டும் திரும்ப வந்துவிட்டாள்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். சிறுவர் இணைப்பில் கார்ட்டூன்களைப் பற்றி எழுதுங்கள், தாராளமாக எழுதுங்கள். பிள்ளைகள் எழுத்துக்கூட்டிப் படிக்கிற பக்கம் அது ஒன்றுதான். எழுதும்போது இரண்டு பேர் தோளில் கை போட்ட படத்தை மட்டும் போட்டு இவர்கள்தான் உயிர் நண்பர்கள் என்று நிறுத்திவிடாமல், எந்தக் கதையில் யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்று எழுதுங்கள். சிப்பிக் குஞ்சுக் கதையைப் பற்றி எழுதுங்கள், சமையல் போட்டியைப் பற்றி எழுதுங்கள். இந்த எபிசோடைப் பற்றியும் எழுதி, நீ ஸ்பாஞ்ச்பாப்பாக இருந்தால் பேட்ரிக்கிடம் என்ன கேட்பாய் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். கட்டாயம் கடிதம் வரும். எங்கள் தெருவிலிருந்தே நாலைந்து வரும்.

இத்தோடு என் மகள் வரைந்த ஒரு படத்தை வைத்திருக்கிறேன். அந்த எபிசோடு முடிந்த பிறகு நடப்பதாக அவளே யோசித்து வரைந்தது. பேட்ரிக் ஸ்பாஞ்ச்பாப்பின் அன்னாசிப்பழ வீட்டின் கதவைத் தட்டுகிறான். கையில் ஒரு தாள் வைத்திருக்கிறான், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கும் சொல்ல மாட்டேன் என்கிறாள். சாக்குக்கட்டி வண்ணத்தில் வரைந்ததால் மடிப்பில் கொஞ்சம் ஈஷியிருக்கும். இணைப்பில் இடம் இருந்தால் போடுங்கள். பெயர் போட வேண்டாம், ஐந்தாம் வகுப்பு மாணவி என்று போட்டால் போதும் என்று சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
தையல் கடை வைத்திருக்கும் ஒரு வாசகி,
ராமநாதபுரம்.